அப்பாவின் காடி மோதிவிட்டது: சரி பண்ணுவதா, விட்டுவிடுவதா?

மோதிய பழைய காடியைச் சரி பண்ணலாமா என்பதை அதன் சந்தை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலேசியாவில் 1990களின் புரோட்டோன் வீரா என்ற காருக்கு இன்று சந்தையில் கிடைப்பது அடிமாட்டு விலை. அந்தக் கணக்கில் பார்த்தால் போனட்டும் முன் பம்பரும் இரண்டு விளக்கும் போனாலே "வேண்டாம், தூக்கிப் போடு" என்றுதான் விடை வரும். அது இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு. அப்பா முதல் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய சாகாவுக்கும், தாத்தா கோயிலுக்கு ஓட்டிப்போன கஞ்சிலுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் பாசத்தால் மட்டும் முடிவெடுத்தாலும் ஆபத்துதான். இந்தக் காடிகளில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கிடையாது. அடுத்த மோதலில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றப் போவது அந்த இரும்புக் கூடும் சீட் பெல்ட்டும்தான். ஆகவே முதல் கேள்வி பணமல்ல. கூடு நேராக இருக்கிறதா, இல்லையென்றால் அதை மறுபடி நேராக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

மோதிய அன்று

முன்பக்கம் அடி வாங்கியிருந்தால், ஓடுகிறதே என்று எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரேடியேட்டர் ஓட்டையாகி இருந்தால் சில கிலோமீட்டரிலேயே சூடு ஏறி சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். விசிறி ரேடியேட்டரில் உரசலாம், எஞ்சின் எண்ணெய்த் தொட்டி விரிசல் விட்டிருக்கலாம். ஆயிரம் வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடியும் வேலை எஞ்சின் வேலையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். பெட்ரோல் வாடை அடித்தால் விலகி நில்லுங்கள். இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

கோலாலம்பூர்ப் பக்கம் ஃபெடரல் நெடுஞ்சாலை, எம்.ஆர்.ஆர்.2 போன்ற பெரிய சாலைகளில் நீங்கள் கூப்பிடாமலேயே டோ டிரக் வந்து நிற்கும். இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்துப் பேசாமல் யாரிடமும் சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத பட்டறையில் காடி போய் நின்றுவிட்டால், வெளியே எடுக்க இழுவைக் கூலியும் நாள் கணக்கில் நிறுத்த வாடகையும் கேட்பார்கள். பட்டறைக்குப் போவதற்கு முன்பே நிறுத்த வாடகை எவ்வளவு என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ் புகாரை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எதிர்த் தரப்பு "இங்கேயே செட்டல் பண்ணிக்கலாம்" என்று 500 வெள்ளி நீட்டினால் வாங்காதீர்கள். பழைய காடியில் வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம். அதைப் பிரித்துப் பார்க்காமல் யாராலும் விலை சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தாமதிக்காமல் தெரிவியுங்கள். மருத்துவமனையில் படுத்திருந்தால் தவிர, 7 நாட்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.

எலும்பைப் பாருங்கள்

இந்தக் காடிகளுக்குத் தனி ஃபிரேம் கிடையாது. உடலே ஃபிரேம். போனட், ஃபெண்டர், கதவு, பூட் மூடி எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. அவை எவ்வளவு நசுங்கியிருந்தாலும் கவலையில்லை, கழற்றி வேறு மாட்டலாம். கவலைப்பட வேண்டியவை வெல்ட் வைத்து இணைத்த பாகங்கள்: எஞ்சினுக்கு இரு புறமும் முன்னோக்கி நீளும் பெட்டி வடிவச் சட்டம் (பட்டறையில் இதைத்தான் "சேசி" என்பார்கள்), அப்சோர்பரின் (அதிர்வு தாங்கியின்) தலை உட்காரும் கோபுரம், எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர், கதவுத் தூண்கள், கதவுக்கு அடியில் ஓடும் பட்டி, தரை.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. காடியைச் சமதரையில் நிறுத்தி நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மெதுவாக மூடுங்கள். மோதலுக்கு முன் ஒழுங்காக மூடிய கதவு இப்போது தூக்கி மூட வேண்டியிருந்தால் தூண் நகர்ந்திருக்கிறது. முன் ஃபெண்டருக்கும் முன் கதவுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே 3 மில்லிமீட்டர், கீழே 8 மில்லிமீட்டர் என்றிருந்தால் முன்பகுதி மொத்தமாகத் தொங்கியிருக்கலாம் அல்லது தூக்கியிருக்கலாம். கூரையும் பின் தூணும் சேரும் இடத்தில் பெயிண்ட் வெடித்திருந்தால் அது மிக மோசமான அறிகுறி. முன்னால் வாங்கிய அடி பின்தூண் வரை பயணித்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து போனட்டைத் திறந்து அளவு நாடாவை எடுங்கள். இடது அப்சோர்பர் கோபுரத்தின் போல்ட்டிலிருந்து வலது பக்கத் தகட்டுச் சுவரின் ஒரு போல்ட் வரை அளந்து எழுதுங்கள். பிறகு வலது கோபுரத்திலிருந்து இடது பக்கத்தின் அதே போல்ட் வரை அளங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சேசியை அளக்கும் மெஷினில் வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரு பக்கமும் அளங்கள். வீராவுக்கு இது 2,500 மில்லிமீட்டர், பழைய சாகாவுக்கு 2,380. ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் குறைந்தால் சக்கரமோ அதைத் தாங்கும் பகுதியோ பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

சேசியைக் கையால் தடவிப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டில் துணி மடிப்பு மாதிரி சுருக்கம் இருந்தால் அது அழுத்தத்தில் மடிந்த இரும்பு. லேசாக வளைந்ததை இழுத்து நேராக்கலாம். கூர்மையாக மடிந்ததை இழுத்தால் மடிப்பிலேயே விரிசல் விடும், விடாவிட்டாலும் பலம் போயிருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு வைக்க வேண்டும். சூடுகாட்டித் தட்டி நேராக்குகிறோம் என்று சொல்லும் பட்டறையிலிருந்து காடியை எடுத்துவிடுங்கள்.

இனி துரு. இதுதான் நம் ஊரில் பல காடிகளின் தலையெழுத்தை முடிவு செய்கிறது. பினாங்குத் தீவில் கடற்காற்று, கோலாலம்பூரில் அடிக்கடி மழை. கதவடிப் பட்டியின் உட்புறம், அப்சோர்பர் கோபுரத்தின் ஓரம், தரைக் கம்பளத்தின் கீழ் மூலை ஆகிய மூன்று இடத்தையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அங்கே வெல்ட் பிடிக்காது. வெல்ட் வைக்க நல்ல இரும்பு கிடைக்கும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், செலவும் ஏறிக்கொண்டே போகும். மோதலால் வந்த சேதம் சின்னதாக இருந்தும், துருவால் கைவிட வேண்டிவரும் காடிகள் உண்டு.

வீல் அலைன்மென்ட் கடையில் நான்கு சக்கரத்துக்கும் பார்த்து, அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். டோவை (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணத்தை) மட்டும் பார்த்து அனுப்புவார்கள், அது போதாது. கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) எஸ்.ஏ.ஐ. என்னும் ஸ்டியரிங் அச்சுச் சாய்வும் சேர்ந்து வேண்டும். இரண்டையும் கூட்டினால் வரும் கோணம் இடமும் வலமும் ஒத்திருந்து, கேம்பர் மட்டும் மாறியிருந்தால், அடி பட்டது கோபுரத்திலோ லோவர் ஆர்மிலோ (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) கீழ்ச் சட்டத்திலோதான். கூட்டுக் கோணமே மாறியிருந்தால் நக்கிளோ (சக்கரம் மாட்டும் இரும்பு) அப்சோர்பரோ வளைந்திருக்கிறது. முதலாவது பெரிய வேலையாகலாம். இரண்டாவது பாகத்தை மாற்றினால் முடிந்தது. இந்த ஒரு தாள், ஒரு போமென் (மெக்கானிக்) அரை மணி நேரம் பேசுவதைவிட அதிகம் சொல்லும்.

கூரை நசுங்கியிருந்தாலோ, தகட்டுச் சுவர் உள்ளே தள்ளப்பட்டிருந்தாலோ, நடுத்தூண் வளைந்திருந்தாலோ, அந்தக் காடியைச் சாலைக்குத் திரும்பக் கொண்டுவர நாங்கள் சொல்ல மாட்டோம். எவ்வளவு பாசமானாலும்.

பட்டறையும் விலைத்தாளும்

கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ, செகாம்புட் பக்கமும், பினாங்கில் பட்டர்வொர்த், பிறை பக்கமும் பழைய புரோட்டோனைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடும் கைகள் இன்னும் இருக்கின்றன. தேர்வு செய்யும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: காடியைப் பூட்டி இழுத்து அளக்கும் சேசி மெஷின் அங்கே இருக்கிறதா? சங்கிலியைக் கட்டி மரத்திலோ தூணிலோ மாட்டி இழுப்பவர்களிடம் அளவு இருக்காது. கண்ணளவு நேராக இருக்கும், ஓட்டும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

முதல் விலைத்தாளை நம்பாதீர்கள். அது வெளியே தெரிவதற்கு மட்டும் போட்ட விலை. பம்பர், விளக்கு, ஃபெண்டர், ரேடியேட்டர் தாங்கும் சட்டம் இவற்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு இரண்டாவது விலை தரச் சொல்லுங்கள். அந்தக் கழற்றும் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். அது வீண் செலவல்ல. கழற்றும்போதுதான் எஞ்சின் மவுண்டிங் கிழிந்தது, டிரைவ் ஷாஃப்ட் கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது, வயர்க் கட்டு நசுங்கியது எல்லாம் தெரியும். இரண்டாவது விலைக்கும் மேல் கால் பங்கு தொகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்ற காடி மழையில் நனைந்து துருவேறும், பிறகு எதற்கும் ஆகாது.

விலைத்தாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே புதிது, ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய காடியிலிருந்து எடுத்தது), தைவான் (அங்கே செய்த மாற்றுப் பாகம்) என்று எழுதியிருக்க வேண்டும். போனட், ஃபெண்டர், விளக்கு போன்றவை பிரபலமான பழைய புரோட்டோன்களுக்கு இன்னும் கிடைக்கின்றன. வீராவின் 4ஜி13, 4ஜி15 எஞ்சின்கள் மிட்சுபிஷியுடையவை என்பதால் எஞ்சின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. கஷ்டம் வருவது சேசித் துண்டு, முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், கதவு ஓர மோல்டிங், உட்புறப் பிளாஸ்டிக் இவற்றில்தான். கிள்ளான் வட்டாரத்திலும் செபராங் பிறையிலும் உள்ள பொத்தோங் கடைகளில் (பழைய காடிகளைப் பிரித்துப் பாகம் விற்பவை) தேடிப் பாருங்கள். வேலை தொடங்குவதற்கு முன் எல்லாப் பாகமும் கையில் வந்திருக்க வேண்டும். "வரும், வரும்" என்பதை நம்பிக் காடியைப் பிரிக்க விடக்கூடாது.

ஹாஃப் கட்டிலிருந்து துண்டு எடுத்து வைக்கலாம். ஆனால் ஒரு காடியின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் சேர்த்து ஒட்டுவது வேறு விஷயம், அதற்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். பல பழைய காடிகளில் சேசி எண் தகட்டுச் சுவரில்தான் பொறித்திருக்கும். அந்தத் தகட்டை வெட்டினால் காடியின் அடையாளமே போய்விடும், ஜே.பி.ஜே.யிலும் (சாலைப் போக்குவரத்துத் துறை) புஸ்பாகோமிலும் (வாகனப் பரிசோதனை நிலையம்) மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சினை மாற்றினாலும், நிறத்தை மாற்றினாலும் கிரானில் (காடியின் உரிமைப் பத்திரம்) மாற்ற வேண்டும்.

வெல்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். சேசித் துண்டுக்கு மிக் வெல்ட் (வாயுப் பாதுகாப்பில் கம்பியை உருக்கி இணைப்பது) வேண்டும். பித்தளைக் குச்சி உருக்கி ஒட்டுவது கூடாது. வெல்ட் வைத்த பெட்டிக்குள் துரு தடுக்கும் மெழுகு அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் உள்ளிருந்து துரு கிளம்பி, வெளியே தெரியும்போது பலம் போயிருக்கும். வெல்ட் முடிந்து பெயிண்ட் அடிப்பதற்கு முன் வந்து பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள், அதே போல் போய்ப் பாருங்கள். புட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நம் வெயிலில் வெடிக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்தாலே பூசி மெழுகியது எங்கே என்று தெரிந்துவிடும். நிறப் பொருத்தத்துக்குப் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொடுங்கள். மெட்டாலிக் நிறமென்றால் பக்கத்துப் பாகத்திலும் சேர்த்து அடிக்காமல் நிறம் சேராது.

மோதலின்போது போட்டிருந்த சீட் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். நாடா இழுபட்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஏர்பேக் வெடித்திருந்தால் பொத்தோங் கடை ஏர்பேக் வேண்டவே வேண்டாம்.

யார் காசு?

எதிர்த் தரப்பின் தவறென்றால் உங்கள் காடிக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தாலும் அவர்களுடைய இன்சூரன்ஸிடம் கேட்கலாம். போலீஸ் விசாரணை முடிவும் பதிவு பெற்ற அட்ஜஸ்டரின் (சேதத்தை மதிப்பிடுபவர்) அறிக்கையும் வேண்டும். பழுது பார்க்க ஆகும் நாட்களுக்கான இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள், பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இரு தரப்பும் காம்ப்ரிஹென்சிவ் (சொந்தக் காடியின் சேதத்தையும் ஏற்கும் இன்சூரன்ஸ்) வைத்திருந்தால் நாக்-ஃபார்-நாக் வழியில் உங்கள் கம்பெனியே கொடுக்கும், உங்கள் என்.சி.டி. (கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) குறையாது.

தவறு உங்களுடையது என்றால் சொந்த இன்சூரன்ஸைத் தொடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். என்.சி.டி. 55 விழுக்காட்டில் இருந்தவர் ஒரு முறை கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு வருவார். பிறகு ஆண்டுக்கு ஆண்டு 25, 30, 38.33, 45 என ஏறி, மறுபடி 55-ஐத் தொடும் வரை கூடுதலாகக் கட்டுவது அடிப்படைப் பிரீமியத்தில் 55, 30, 25, 16.67, 10 விழுக்காடுகள். மொத்தம் 136.67 விழுக்காடு. அடிப்படைப் பிரீமியம் 1,000 வெள்ளி என்றால் ஏறக்குறைய 1,367 வெள்ளி.

அதோடு பெட்டர்மென்ட். பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் போட்டால், காடியின் வயதைப் பொறுத்து பாகத்தின் விலையில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டு ஆன காடிக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆன காடிக்கு 40 விழுக்காடு. விலைத்தாள் 7,000, அதில் பாகங்கள் 4,000 என்று வைத்துக்கொள்வோம். பெட்டர்மென்ட் 1,600, என்.சி.டி. இழப்பு 1,367. ஆக, கம்பெனி கொடுத்தும் உங்கள் கையிலிருந்து 2,967 போகிறது. பாலிசியில் பெயரில்லாத தம்பியோ மகளோ ஓட்டியிருந்தால் இன்னொரு 400 வெள்ளி.

பழுதுச் செலவு காப்பீட்டுத் தொகையை நெருங்கினால், சரி பண்ண லாயக்கில்லை என்று கம்பெனி முழு இழப்பாக முடித்துவிடப் பார்க்கும். அந்தத் தீர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டால் காடி அவர்களுடையது. கையெழுத்துப் போடும் முன், உடைந்த காடியை நாங்களே எடுத்துக்கொள்ள முடியுமா, எவ்வளவு கழிப்பீர்கள், பதிவு ரத்தாகுமா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதிவு ரத்தான பிறகு மனம் மாறிப் பயனில்லை.

கிரான் யார் பெயரில்?

அப்பா காலமாகியும் காடி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. சாலை வரி புதுப்பிக்க முடிகிறதே என்று விட்டுவிடுவார்கள். மோதிய பிறகுதான் சிக்கல் தெரியும். இறந்தவர் பெயரிலுள்ள பாலிசியில் கிளெய்ம் இழுபறியாகும், பணம் வந்தாலும் அவருடைய சொத்தில்தான் சேரும். வீட்டில் எல்லாருடைய சம்மதத்தோடு, சொத்து நிர்வாகக் கடிதத்தை உயர் நீதிமன்றம் வழியாகவோ, அதற்கான உத்தரவை அமானா ராயா (அரசின் சொத்து அறக்காப்பு நிறுவனம்) வழியாகவோ பெற்று, பெயரை மாற்றிவிட்டுப் பெரிய செலவில் இறங்குங்கள். அண்ணன் காசு போட்டுச் சரி பண்ணி, பிறகு தங்கையோடு மனஸ்தாபம் வருவதை இது தடுக்கும்.

எவ்வளவு வரை போகலாம்?

விலைத்தாள் வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரு தொகையை எழுதிவிடுங்கள். சந்தை விலையைப் பார்க்க வேண்டாம். அந்தக் காடி வாசலில் நிற்க, கடன் வாங்காமல் எவ்வளவு கொடுப்போம் என்று மட்டும் பாருங்கள். கூடு நேராக்கக்கூடியது, பாகம் கிடைக்கும், கால் பங்கு கூடுதலோடு சேர்த்தும் அந்தத் தொகைக்குள் வருகிறது என்றால் தயங்காமல் செய்யுங்கள். சந்தை விலையைவிட இரண்டு மடங்கு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கூடு போய்விட்டதென்றால் இன்னொரு வழி இருக்கிறது. அதே மாடலில், அதே ஆண்டையொட்டி, துருவில்லாத ஒரு காடியைத் தேடி வாங்கி, நம் காடியின் சீட், ஸ்டியரிங், டேஷ்போர்டு, சின்னம், கடிகாரம் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். சேசி எண் அந்தக் காடியுடையதாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள விரும்பினால் எண் மாற்றத்தை ஜே.பி.ஜே.யில் முதலில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகே பழைய காடியின் பதிவை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் எண் போய்விடும். இதற்கும் இரண்டு காடியும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அதனால்தான் கிரான் பேச்சை முன்னால் எடுத்தோம்.

சரி பண்ணியே வாங்குகிறீர்கள் என்றால், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் புதிய அலைன்மென்ட் தாளைப் பாருங்கள். கதவு இடைவெளியை மறுபடி அளங்கள். குழாயில் தண்ணீர் பீய்ச்சி, முன் கண்ணாடி ஓரத்திலும் பின்னால் பூட் உள்ளேயும் ஒழுகுகிறதா பாருங்கள். நேரான சாலையில் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுவில் நிற்க வேண்டும், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. புஸ்பாகோமில் நீங்களாகவே கேட்டு ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம். கழற்றிய பழைய பாகங்களையும் விவரமான ரசீதையும் கேட்டு வாங்குங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் முன் டயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து ரம்பம் போல இருந்தால், தாள் என்ன சொன்னாலும், காடியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோய் மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள்.